ஈரம் காயாத ஆறு

அந்தக் கடைக்குள் வெறுங்கையோடு யாரும் நிற்க முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் "இதக் கொஞ்சம் புடிங்க" என்று ஏதாவது ஒன்று நம் கைக்கு வந்துவிடும். டேப்பின் ஒரு நுனி, சட்டத்தின் ஒரு மூலை, ஆணி டப்பா, சில சமயம் கடைக்காரம்மா பாதி குடித்த டீ கிளாஸ். வந்தவர் யார், என்ன வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான். கன்னடக்காரர் என்றால் "ஸ்வல்ப ஹிடுக்கொள்ளி." தெலுங்குக்காரர் என்றால் "கொஞ்செம் பட்டுகோண்டி." வடக்கிலிருந்து வேலைக்கு வந்த கம்பெனிப் பையன்கள் என்றால் "தோடா பகடோ பையா." அந்த மூன்று மொழியிலும் அவருக்கு ஒழுங்காகத் தெரிந்த வாக்கியம் இது ஒன்றுதான் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

"கடைக்கு வேற என்னாணா தேவைப்படுது?" என்பார்.

ஓசூரில் பாகலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அந்தப் போட்டோ ஃப்ரேம் கடை இருந்தது. தெரு முழுக்க அவரை 'ஃப்ரேம் கடை பாயம்மா' என்றுதான் சொல்லும். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். அவர் என்னை 'ணா' என்பார், நான் 'ம்மா' போட்டுப் பேசுவேன். பெயர் தெரியும். ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கே மட்டும் எதற்கு?

கணவர் ஜன்னல் கண்ணாடிகளை வேனில் ஏற்றிக்கொண்டு தளி, கெலமங்கலம் பக்கம் போய்விடுவார். கடையில் பாயம்மா தனி. கண்ணாடி வேலை ஓர் ஆளால் ஆகிற வேலை இல்லை. அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணாடி வேலை முடிந்த பிறகும் அது நிற்காது. ஒரு முறை பேங்க் மேனேஜர் ஒருவர் தன் மகனுடைய சான்றிதழுக்குச் சட்டம் போட வந்தார். அவர் கையில் ஒரு பக்கச் சட்டத்தைக் கொடுத்தார் பாயம்மா, பிறகு பசை டப்பாவை, பிறகு சுத்தியலை. மனிதர் சட்டையில் பசையோடு, ஏதோ பெரிய காரியம் முடித்த சந்தோஷத்தில், சான்றிதழைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளை நம் கையில் கொடுத்தால் தன் பக்கத்துப் பிடியை உடனே விட மாட்டார். "புடிச்சிட்டீங்களா?" என்று கேட்பார். தலையை ஆட்டினால் செல்லாது.

"வாயத் தொறந்து சொல்லுங்க. தலையாட்டுனத நம்பி ஒரு தடவ நல்ல கண்ணாடி போயிருக்குது."

நான் முதல் முறை அங்கே போனது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாற்றுவதற்காக. அது தானாக உடையவில்லை. இடது கையால் சவரம் செய்யப் பழகிக்கொண்டிருந்தேன். கன்னத்தில் ஒரு வெட்டு, தாடையில் ஒரு வெட்டு. மூன்றாவது வெட்டு விழுந்ததும், பக்கத்தில் இருந்த சொம்பைத் தூக்கிக் கண்ணாடி மேல் அடித்துவிட்டேன். மனைவி கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி எடுத்து, வெறும் சட்டத்தை என் இடது கக்கத்தில் சொருகினாள்.

"போயி மாத்திட்டு வாங்க. எத்தன நாளைக்கு வீட்டுக்குள்ளயே கெடப்பீக?"

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். பிழைக்க வந்து ஓசூரில் நிலைத்தவர்கள். அவள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வருவாள். நான் இரும்புத் தகட்டை அடித்துப் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். ஒரு தரம் மிதித்தால் ஓர் அடி அடிக்க வேண்டிய மெஷின் ஒரு நாள் கூடுதலாக ஓர் அடி அடித்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுதாகப் போயின, மோதிர விரலில் பாதி. இன்ஸ்பெக்ஷனில் போடுகிறோம், கேஜ் பிடித்து அளவு பார்த்தால் போதும் என்று சூப்பர்வைசர் போன் செய்தபடி இருந்தார். நான் எடுப்பதில்லை. எந்தக் கையால் கேஜைப் பிடிப்பேன்?

உண்மையில் வேலைகூட எனக்கு அப்போது பெரிதில்லை. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று என் மகளைத் தூக்கக் கை நீட்டினேன். நாலு வயதுக் குழந்தை. கையைப் பார்த்ததும் வீறிட்டுக் கத்தி அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அன்றிலிருந்து என் வலது கை பேன்ட் பாக்கெட்டில் குடியேறிவிட்டது. சாப்பாடு, தூக்கம், குளியல் தவிர வெளியே வராது. மகளை என் இடது பக்கம்தான் உட்காரவைப்பேன். அவளும் மறந்தும் வலது பக்கம் வர மாட்டாள்.

இந்த நிலையில்தான் கடைக்குள் போய் நின்றேன். மேசையில் அகலமான கண்ணாடித் தகடு ஒன்றைப் பாயம்மா நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"ணா, இதக் கொஞ்சம் புடிங்க."

சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்டினேன்.

"ஒரு கை பத்தாது. அந்தக் கையும்."

"அந்தக் கை இல்ல" என்றேன் வெடுக்கென்று.

"அப்ப பாக்கெட்டுக்குள்ள இருக்குறது என்னா?"

எடுத்துக் காட்டினேன். பயந்து போகட்டும் என்றுதான் காட்டினேன். வழக்கமாகப் பார்க்கிறவர்கள் 'ச்சோ' கொட்டுவார்கள், அல்லது பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இவர் சந்தையில் முருங்கைக்காயைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கட்ட வெரலு இருக்குது. சுண்டு வெரலும் இருக்குது. போதும். அந்த ரப்பர் துண்டக் கண்ணாடிக்குக் கீழ குடுத்துப் புடிங்க. நான் எவ்ளோ நேரம்ணா இப்பிடியே நிக்கிறது?"

பிடித்தேன். உள்ளங்கை வியர்த்தது. வெட்டுப்பட்ட இடத்தில் தோல் இழுத்தது.

"புடிச்சிட்டீங்களா?"

தலையை ஆட்டினேன். அவர் விடவில்லை.

"புடிச்சிட்டேன்" என்றேன்.

விட்டார். கனம் முழுக்க என் கைக்கு வந்தது. விபத்துக்குப் பிறகு அந்தக் கையில் இறங்கிய முதல் கனம் அது. புதுக் கண்ணாடி போட்ட சட்டத்தை இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்து வீட்டுப் படி ஏறும்போதுதான் கவனித்தேன். வலது கை வழி நெடுக வெளியேதான் இருந்திருக்கிறது.

அதன் பிறகு அந்தக் கடைக்குப் போகக் காரணம் தேட ஆரம்பித்தேன். வீட்டிலிருந்த படங்களெல்லாம் சட்டத்துக்குள் போயின. கடைசியில் மாமனார் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்து வந்தேன். மனைவி அதிர்ந்துபோனாள். "எங்கப்பா நல்லாத்தான இருக்காக? படத்த எதுக்கு மாட்டுறீக?" அந்தப் படம் இன்னமும் எங்கள் பரணில்தான் இருக்கிறது. மாமனாரும் சௌக்கியமாக இருக்கிறார்.

கடையின் உட்சுவரில் ஓர் ஆறு மாட்டியிருந்தது. பெங்களூரில் பழைய சாமான் கடையொன்றில் சட்டம் நன்றாக இருக்கிறதே என்று வாங்கி வந்திருக்கிறார். உள்ளே இருந்த அச்சுப் படத்தைப் பிரிக்க மனம் வரவில்லையாம். அந்தக் காலத்து வெள்ளைக்கார ஓவியர் யாரோ வரைந்தது. இடது பக்கம் வானத்தை மறைக்கிற பெரிய மரங்கள், தூரத்தில் இடிந்த கோபுரம், நடுவில் வளைந்து போகும் ஆறு. கரையில் மாடுகள். ஒரு படகில் எறும்பளவு மனிதன். அத்தனை பெரிய வானத்துக்குக் கீழே அவன் பாட்டுக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

அதைப் பார்த்துத்தான் பாயம்மா ஆயில் பெயின்டிங் கற்றுக்கொண்டிருந்தார். குரு என்று யாரும் இல்லை. போனில் வீடியோவை ஓடவிட்டு, கையில் பெயின்ட் இருப்பதால் முழங்கை முட்டியால் நிறுத்துவார். மீந்த கண்ணாடித் துண்டுக்கு அடியில் வெள்ளைக் காகிதம் ஒட்டி அதன் மேல்தான் கலர் கலப்பார். துடைக்கப் பனியன் வேஸ்ட். கடை எப்போதும் டர்பன்டாயில் வாசனை அடிக்கும்.

என் கைக்குப் பிரஷ் வந்ததும் அவர் வழக்கப்படிதான்.

"இதக் கொஞ்சம் புடிங்கணா, தண்ணிக் கேன் வந்துருக்குது."

போனவர் திரும்பவே இல்லை. நுனியில் பழுப்புக் கலரோடு பிரஷ்ஷைக் கட்டை விரலுக்கும் பாதி விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அசடு மாதிரி நின்றேன். வெளியிலிருந்து குரல் வந்தது. "சும்மா புடிச்சிட்டே நிக்காதீங்க, காஞ்சிடும். அந்த ஹார்ட்போர்டுல தேய்ங்க."

தேய்த்தேன். அப்படியே மாட்டிக்கொண்டேன்.

முதலில் பலகை முழுக்கப் பழுப்பு பூச வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே வெளிச்சம் வர வேண்டிய இடங்களைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு வானம், பிறகு தூரம், பிறகு பக்கம். இலைகள் எல்லாவற்றுக்கும் கடைசியில். எனக்கு ஆறு என்றால் நீலம். நீலத்தை அள்ளிப் பூசினேன். படத்தில் நடு வழியாக ஒரு தார்ப்பாய் விரித்தது போல இருந்தது.

"ஆத்துக்குன்னு தனிக் கலர் எங்கணா இருக்குது? வானத்துக்கு என்னா போட்டீங்களோ அதையே கொஞ்சம் அழுக்காக்கிக் கீழ போடுங்க."

போட்டேன். தண்ணீர் வந்தது! பிரஸ் ஷாப்பில் எத்தனையோ பீஸ் அடித்திருக்கிறேன், ஒன்றைக்கூட இப்படித் தள்ளி நின்று பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஆறு வளைகிற இடத்தில் வெள்ளையைக் கொத்துக் கொத்தாக வைத்தேன். பாயம்மா வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னாணா?"

"நுரைம்மா."

எனக்கு என்ன தெரியும்? ஊரில் நான் பார்த்த ஆறு வறண்டது. பிழைக்க வந்த இடத்தில் பார்த்தது கெலவரப்பள்ளி அணைப் பக்கம், கழிவு கலந்து பாலம் உயரத்துக்கு நுரை மிதக்கிற ஆறு. ஆறு திரும்பினால் நுரை வரும் என்றே நினைத்திருந்தேன். பாயம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டர்பன்டாயில் பட்ட கை என்பதால் கண் எரிந்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தார். "பாவம்ணா அந்த வெள்ளக்காரரு" என்றார்.

எதற்கு இன்னொருவர் படத்தைப் பார்த்தே வரைகிறீர்கள், சொந்தமாக வரையலாமே என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவரு வெயில்ல நின்னு எங்க வெளிச்சம், எங்க இருட்டுன்னு பாத்து வெச்சிருக்காருணா. கொஞ்ச தூரம் அவரு கையப் புடிச்சிட்டே போவோம். அப்பறம் பாத்துக்கலாம்."

இப்போது அவர் ஓசூரில் இல்லை. கணவரின் அண்ணன் தம்பிகளோடு வாணியம்பாடிக்குப் போய்விட்டார்கள். கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். வந்தவர்கள் சும்மா நின்றுகொண்டிருக்கிறார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அவர் போவதற்கு முந்தைய வருடம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இதைச் சொல்லியே பயனில்லை. புதிதாக வில்லா கட்டிய ஒரு சார் கடைக்கு வந்தார். சுவரில் இருந்த ஆற்றைப் பார்த்து, இதே மாதிரி பெரிதாக ஆயிலில் வேண்டும், ஹாலில் மாட்ட வேண்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்றார். பாயம்மா யோசிக்காமல் சரி என்றுவிட்டார். அவர் கையால் வரைந்து வெளியே போகப்போகிற முதல் படம் அது. ஆடி முழுக்க அதில்தான் கிடந்தார். மரங்கள் அற்புதமாக வந்திருந்தன. வானமும் முடிந்தது. ஆனால் காயவில்லை. ஓசூர் ஆடிச் சாரல்தான் தெரியுமே, துவைத்த துணியே காயாது. ஆயில் எங்கே காயும்?

"ணா, பவுடர் கோட்டிங் பண்றாங்கல்ல, கேட்டு, கிரில்லு எல்லாம். அந்த ஓவன்ல வெச்சா?"

கேட்டது அவர். ஆகா என்றது நான். என் நண்பன் அப்படி ஒரு யூனிட் வைத்திருந்தான். கடைசி லோடை எடுத்த பிறகு, அடுப்பை அணைத்து, மிச்சச் சூட்டில் கொஞ்ச நேரம் வைப்போம் என்று மூவரும் சேர்ந்து பெரிய விஞ்ஞானிகள் போல முடிவு செய்தோம். இந்த யோசனை இந்த ஊரைத் தவிர வேறெங்கும் எவருக்கும் தோன்றியிருக்காது.

கதவைத் திறந்தபோது வானம் முழுக்கக் கொப்பளம். மேகங்கள் தோசையின் அடிப்பக்கம் போலச் சிவந்திருந்தன. நண்பன் மெதுவாக வெளியே நழுவிவிட்டான்.

கடைக்குத் திரும்பிப் படத்தைச் சாய்த்து வைத்தோம். பாயம்மா கண்ணாடிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். கணவருக்குப் போன் போட்டு, "அந்த சாருக்கு முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றார். அந்தக் கடையில் முதல் முறையாக என் கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு நின்றேன். அது எனக்குத் தாங்கவில்லை.

மேசையிலிருந்து பட்டை பிளேடை எடுத்தேன். படத்தைத் தூக்கி அவர் முன்னால் நிறுத்தினேன்.

"இதக் கொஞ்சம் பிடிங்கம்மா."

நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் கை வைத்தார்.

"பிடிச்சிட்டீங்களா?"

தலையை ஆட்டினார்.

"வாயத் தெறந்து சொல்லுங்க."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவருக்கு. "புடிச்சிட்டேன்ணா."

வானத்தைச் சுரண்டி எடுத்தோம். மரங்கள் அதிகம் கருகாமல் தப்பித்திருந்தன. "மரத்துல தீஞ்ச எடத்த நான் சரி பண்றேன். வானம் நீங்க" என்றார். என்னுடைய சின்னப் பலகையில் அந்த வானத்தை எத்தனை முறை அழித்து அழித்துப் போட்டிருப்பேன்! ஆனால் இது இன்னொருவர் வீட்டுச் சுவருக்குப் போகிற வானம். மேல் மூலையிலிருந்து தொடங்கினேன். பாதி வானத்தில் இருந்தபோது சூப்பர்வைசர் போன். இடது கையால் எடுத்தேன்.

"என்ன சார், இன்ஸ்பெக்ஷனுக்கு வேற ஆள் போட்டுடவா?"

"வேணாம் சார். திங்கக்கிழமை வாரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. பாயம்மா திரும்பவில்லை. ஆனால் மரத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரஷ் கொஞ்சம் நின்று, மறுபடி ஓடியது.

கணவர் அதுவரை வில்லா சாரிடம் சொல்லியிருக்கவில்லை; பாயம்மாவே அவருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னார். "படம் ரெடி சார், ஆனா ஈரம். சுவத்துல மாட்டிக்கங்க, யாரும் தொடாம பாத்துக்கங்க. மெதுவாக் காயும்." அவர் ஒத்துக்கொண்டார்.

எடுத்துப் போவதுதான் பாடு. ஈரப்படத்தை மூட முடியாது, படுக்கவைக்க முடியாது. பாயம்மாவின் கணவர் வேனோடு தளியில். ஒரு லோடு ஆட்டோ பிடித்தோம். பாயம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் திறந்த தட்டில் நான், முதுகைக் கேபினில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் படத்தின் பின்சட்டத்தைப் பிடித்து நிமிர்த்தியபடி. மனைவிக்கு அன்று பகல் ஷிப்ட், பள்ளிக்கூடம் லீவு. அதனால் மகளும் என்னோடு. வழக்கம்போல இடது பக்கம்தான் ஏறப் போனாள். அங்கே பெயின்ட் பெட்டியும் ஏணியும் இடத்தை அடைத்திருந்தன. வேறு வழியில்லாமல் வலது பக்கம் வந்து நின்றாள்.

ஆட்டோ கிளம்பியது. பாகலூர் சாலை முழுக்க எங்களைப் பார்த்தது. கம்பெனி பஸ்களின் ஜன்னல்கள், டீக்கடை, சிக்னலில் நின்ற பைக்குகள். எல்லோருக்கும் நேராக ஓர் ஆறு, அதன் ஓரத்தில் என் வலது கை. பாக்கெட்டில் போட வழியில்லை. விட்டால் ஆறு சாலையில் விழும்.

ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மகள் தடுமாறினாள். பிடித்துக்கொள்ள அவளுக்குப் பக்கத்தில் வேறெதுவும் இல்லை. படத்தைத் தொடக்கூடாது என்று ஆயிரம் முறை சொல்லியிருந்தார் பாயம்மா. சட்டென்று என் வலது கையைப் பற்றினாள். மிஞ்சியிருந்த அந்தப் பாதி விரலை, அவளுடைய முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி நேரான பிறகும் விடவில்லை. குனிந்து கையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ரோட்டை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கண் நிறைந்து எனக்குச் சாலை தெரியவில்லை.

கேபினுக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பாயம்மாவின் குரல் வந்தது.

"பள்ளம்ணா! புடிச்சிட்டீங்களா?"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினால் அவருக்குச் செல்லாது.

"ணா? புடிச்சிட்டீங்களா?"

"புடிச்சாச்சு ஆன்ட்டி!" என்று கத்தினாள் என் மகள்.